நெய்தலில் பாதாம் வாசனை

சனி, ஜூன் 5, 16:20

நெய்தல் நிலையம், டைட்டன். எழுதுவது கோகிலவாணி, பனி வேதியியல்.

வெளியே மைனஸ் 180. ஏரி அமைதி. மீத்தேன் தூறல் காலையிலேயே நின்றுவிட்டது. துளை எந்திரம் ஓடுகிறது. நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர்: நானும் எந்திரப் பொறுப்பாளர் இன்னாசி மச்சாதும். உடம்புக்கு ஒன்றுமில்லை, நாக்குக்குத்தான் இட்லி ஏக்கம்.

இந்தப் பதிவுகளை எங்களுக்குப் பின்னால் வருகிறவர் படிப்பார் என்கிறார்கள். அப்படி வருகிறவரே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே தானியம் என்று ஒரு மணிகூடக் கிடையாது. எடைக்கு எடை பார்த்தால் கொழுப்பில்தான் சக்தி அதிகம் என்று பூமியில் யாரோ கணக்குப் போட்டு, அரிசியும் கோதுமையும் வேண்டாம், பாதாம் மாவு போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். மூட்டை மூட்டையாகப் பாதாம் மாவு. அனுப்பிய புண்ணியவான் டைட்டனைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருக்கலாம்.

ஏனென்றால் இந்த ஊர்ப் பனியில் சயனைடு கலந்திருக்கிறது. வெளியே உறைந்து கிடக்கும்வரை அது சாது. உள்ளே வந்து சூடுபட்டால் ஆவியாகி ஆளைக் கொல்லும். அதன் வாசனை கசப்புப் பாதாம் மாதிரி இருக்குமாம். "இருக்குமாம்" என்றுதான் நான் எழுத முடியும். சயனைடு வாசனை சிலர் மூக்குக்குப் பிறவியிலேயே தெரியாது. நான் அந்த ரகம். இன்னாசி அண்ணாச்சியின் மூக்கு கில்லாடி. இருவரில் ஒரு மூக்காவது வேலை செய்ய வேண்டும் என்பது பயண விதி. அந்த விதிப்படி அவர்தான் என் மூக்கு.

அண்ணாச்சி என்று அவர் ஊர் வழக்கப்படிதான் கூப்பிடுகிறேன். மளிகைக் கடையில் கடன் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் சிரிப்பார். தூத்துக்குடிக்காரர். அப்பா பேக்கரி வைத்திருந்தவர். மைதாவே இல்லாமல் பிஸ்கட்டா என்று நான் முதல் வாரம் முகம் சுளித்ததற்கு, எங்க ஊர் மக்ரூனில் மட்டும் மைதாவா இருக்கிறது, முந்திரியும் முட்டை வெள்ளையும்தானே என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் சாக்லேட் சிப்ஸ் பிஸ்கட். பாதாம் மாவு, நெய், முட்டைப் பொடி, சர்க்கரைக்குப் பதில் சுரண்டிய கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு, சோடா மாவு, சாக்லேட் சில்லுகள். கடைசியில் ஒரே ஒரு துளி பாதாம் எசன்ஸ், அவர் சொந்தப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தது. இங்கே எடை ஏழில் ஒரு பங்குதான் என்பதால் உருண்டை தானாகப் பரவாது, பந்தாக உப்பும். எவர்சில்வர் டம்ளரின் அடியால் ஒவ்வொன்றையும் அழுத்துவார். பிஸ்கட்டின் அடி எப்போதும் கொஞ்சம் கருகும். அதுதான் ருசி என்று சாதிப்பார்.

எசன்ஸ் துளி விழும்போதெல்லாம் சயனைடு சென்சார் ஏமாந்து அலறியது. மூன்று வாரம் பொறுத்தோம். பிறகு இருவரும் சேர்ந்து யோசித்து அலாரத்துக்குச் சனி மாலை லீவு கொடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஓவனைப் போடும்போது அவர் ஒலிபெருக்கியில் சொல்வார், நான் பதில் சொல்வேன். இன்று சொன்னது:

"டாக்டரம்மா, சுடுதது நான்தான். முகமூடியைத் தேடிட்டு அலையாதிய."

"சரிங்கண்ணாச்சி."

பிஸ்கட் நன்றாக வந்திருக்கிறது. பதிவு முடிந்தது.

ஞாயிறு, ஜூன் 13, 09:00

இன்னாசி மச்சாது இறந்துவிட்டார். நேற்று மாலை, சமையலறையில்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அவர் வழக்கம்போல அறிவித்தார். நான் ஆய்வகத்திலிருந்து பதில் சொன்னேன். வேகும் நேரம் போய், ஆறும் நேரமும் போய்விட்டது. தட்டு வரவில்லை. எனக்கு மண்டை வலித்தது. பசியாக இருக்கும் என்று எழுந்து போனேன். ஓவனில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போகப் பார்த்தேன். வாசலிலேயே எனக்குத் தலை சுற்றியது. நடைபாதைக்கு ஓடி முகமூடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். சயனைடு சோதனைத் தாளை நீட்டிய உடனே அது நீலமானது. அவருடைய முகமூடி கைக்கெட்டும் தூரத்தில் கொக்கியில் தொங்கியது. அதை எடுக்க அவர் கைகூட நீட்டவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வாரா வாரம் ஓவன் சூடு கீழே இறங்கித் தரையின் ஒட்டுகளை இளக்கியிருக்கிறது. அடியில் இருந்த பனி உருகி, விரிசல் வழியாக நஞ்சு ஏறியிருக்கிறது. அலாரம் லீவில் இருந்தது. அவர் மூக்குக்குப் பாதாம் வாசனை நிச்சயம் வந்திருக்கும். அது தன் பிஸ்கட் வாசனை என்று நினைத்திருப்பார். இந்தச் சூரியக் குடும்பத்திலேயே நாங்கள் இருவர் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியும்.

ஓவனின் மின் இணைப்பைப் பிடுங்கி எறிந்தேன். சமையலறைக் கதவைச் சுற்றிப் பசை அடைத்தேன். அவரைப் போர்வையில் சுற்றி வெளியே ஏரிப் பக்கம் கொண்டுபோய்க் கிடத்தினேன். இங்கே எடை குறைவு, ஒற்றை ஆளாகத் தூக்க முடிந்தது. அவ்வளவு லேசாக அவர் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த ஜெபம் எனக்குத் தெரியாது. தெரிந்த சொற்களைச் சொல்லிவிட்டு வந்தேன்.

புதன், ஜூன் 16, 11:40

எங்கள் தலைமைத் தளத்திலிருந்து செய்தி வந்தது.

"நெய்தலுக்கு. ஆழ்ந்த வருத்தம். மீட்புக் கலம் வல்லம் உங்களை நோக்கித் திரும்பிவிட்டது. ஜூலை 4 அன்று வந்து சேரும். அதுவரை நிலையத்திலேயே இருக்கவும். வண்டியைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளவும்."

வண்டி என்பது பனியில் ஓட்டும் ஆறு சக்கர வாகனம். அதில் ஒன்பது நாள் காற்று இருக்கிறது. கலம் வர இன்னும் இரண்டரை வாரம் ஆகும். ஆகவே கணக்கு எளிது. சீக்கிரம் வண்டிக்குப் போனால் மூச்சு முட்டிச் சாவேன். இங்கேயே இருந்து, அடைத்த கதவின் வழியாக நஞ்சு கசிந்தால், வாசனையே தெரியாமல் சாவேன். எப்போது கிளம்ப வேண்டும் என்பதுதான் இப்போது என் உயிர்.

நஞ்சு வந்தால் சொல்ல வேண்டிய சென்சார்கள் இரண்டும் அன்று குடித்த நஞ்சில் கெட்டுவிட்டன. கேட்டாலும் கேட்காவிட்டாலும் உச்சத்தைக் காட்டுகின்றன. என்னிடம் இருப்பது கொஞ்சம் சோதனைத் தாள், ஒரு முகமூடி, உதவாத ஒரு மூக்கு.

படுக்கை அறையிலும் ஆய்வகத்திலும் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. இன்றைக்குப் பிழைத்தேன்.

வெள்ளி, ஜூன் 18, 14:10

நடைபாதையில் பிஸ்கட் வாசனை.

பயந்து ஓடி முகமூடியை மாட்டினேன். மாட்டிய பிறகுதான் புத்தி வேலை செய்தது. சயனைடு வாசனை எனக்குத் தெரியாதே. பூமியிலிருந்து கிளம்பும் முன் மூன்று மருத்துவர்கள் மூன்று குப்பிகளை நீட்டிப் பார்த்தார்கள், எனக்கு எல்லாமே தண்ணீராகத்தான் இருந்தது. ஆகவே இது நஞ்சின் வாசனை இல்லை. அப்புறம் இதில் பாதாம் மட்டும் இல்லை. நெய் இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, உருகும் சாக்லேட் இருக்கிறது. அடியில் கொஞ்சம் கருகல்.

ஓவன் அணைந்து ஆறு நாள் ஆகிறது.

துக்கத்தில் மூளை இப்படி விளையாடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பழக்க தோஷம், ஒரு தாளை நீட்டினேன். நீலமானது.

காற்றைச் சுத்திகரிப்பானில் ஓட்டினேன். இருபது நிமிடத்தில் வாசனை போய்விட்டது. இன்னொரு தாளை நீட்டினேன். வெள்ளை.

ஞாயிறு, ஜூன் 20, 10:30

மறுபடியும். இந்த முறை படுக்கை அறையில், நான் காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தபோது. வாசனை வந்தது, தாள் நீலமானது. வாசனை போனது, தாள் வெள்ளையானது. நேற்று வேண்டுமென்றே வாசனை இல்லாத நேரத்தில் இரண்டு தாள் செலவழித்தேன். இரண்டும் வெள்ளை.

நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுடுகாடு. அங்கே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள். ஆனால் தாளில் இருப்பதை எழுத வேண்டியது என் தொழில். தாள் சொல்வது இதுதான்: நஞ்சு வரும்போது யாரோ எனக்குத் தெரிந்த வாசனையில் அதைச் சொல்கிறார்கள்.

தளத்துக்கு இதை அனுப்பவில்லை. அனுப்பினால் மனநல மருத்துவரிடமிருந்து பதில் வரும்.

செவ்வாய், ஜூன் 22, 15:15

இன்று நானே பிஸ்கட் சுட்டேன். ஆசைக்கு அல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மூளை ஏமாற்றுகிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் அசலை முகர்ந்து பார்க்க வேண்டும்.

சமையலறை கிடையாது; சாமான்களைக் கிடங்கிலிருந்து எடுத்தேன். ஆய்வகத்தில் கல் மாதிரிகளை உலர்த்தும் சிறு அடுப்பு இருக்கிறது, உயரமான மேசை மேல், தரையில் படாமல். அதை 165இல் வைத்தேன். கருப்பட்டியைக் கத்தியால் சுரண்டினேன். பாதாம் மாவோடு நெய்யும் முட்டைப் பொடியும் சாக்லேட் சில்லுகளும் சேர்த்துப் பிசைந்தேன். மாவு சேர்ந்து வரவே இல்லை, மணல் மாதிரி உதிர்ந்தது. கோதுமை மாவில் இருக்கும் பசை இதில் இல்லை, பொறுமையாகக் குளிரவைத்தால்தான் கூடும் என்று அவர் சொன்னது நினைவு வந்தது. வெளிச்சுவரோரம் கால் மணி நேரம் வைத்து எடுத்தேன். கொஞ்சம் இறுகியிருந்தது.

அழுத்த மறந்துவிட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு பந்துகள், மேலே வெடித்து, நடுவில் ஈரமாக. எடுத்த எடுப்பில் ஒன்றை விண்டேன், பொடிப்பொடியாகப் போய்விட்டது. தட்டிலேயே ஆறவிட்டால்தான் பிடிமானம் வரும் என்பதும் அவர் சொன்னதுதான். என்னவோ போல இருந்தாலும் எல்லாவற்றையும் தின்றேன். தின்றுகொண்டே அழுதேன். இரண்டு வருடம் எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறேன், ஒரு நாளாவது கூட நின்று கற்றுக்கொண்டேனா?

முடிவு: என் பிஸ்கட்டில் பாதாம், நெய், கருப்பட்டி, சாக்லேட் வாசனை உண்டு. எசன்ஸ் வாசனை இல்லை. கருகலும் இல்லை. எசன்ஸ் குப்பி அவர் சட்டைப் பையில் இருந்தது. அவரோடு ஏரிக்கரையில் இருக்கிறது.

நடைபாதையில் வருகிற வாசனையில் இரண்டும் உண்டு. அது நினைவிலிருந்து வருவதா என்று இன்னொரு தரம் யோசித்தேன். நினைவுக்குத் தாளை நீலமாக்கத் தெரியாது.

சோதனைத் தாள் இன்றோடு தீர்ந்தது. இனி எனக்கு அண்ணாச்சிதான்.

சனி, ஜூன் 26, 12:00

காலையிலிருந்து வாசனை போகவே இல்லை. சுத்திகரிப்பானை மூன்று முறை ஓட்டிவிட்டேன். நடைபாதை, ஆய்வகம், படுக்கை அறை, எல்லா இடத்திலும் அடர்த்தியாக இருக்கிறது. தொண்டைவரை சாக்லேட் இனிக்கிறது. முகமூடிக்குள்ளும் வருகிறது. முகமூடிக்குள் வெளி வாசனை வரக் கூடாது. வருகிறது.

கலம் வர எட்டு நாள். வண்டியில் காற்று ஒன்பது நாள். இன்று கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். நேற்றே கிளம்பியிருந்தால் நூலிழைதான், அதற்கும் முன்னால் என்றால் செத்திருப்பேன். அவருக்கு என் கணக்கு தெரிந்திருக்கிறது.

தளம் இன்னும் நிலையத்திலேயே இரு என்கிறது. தளத்துக்கு மூக்கு இல்லை.

முகமூடியோடு கவச உடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வடக்கே ஒரு மேடு இருக்கிறது, கெட்டியான தரை. வண்டியை அங்கே நிறுத்தியிருக்கிறேன். கண்ணாடி வழியே நிலையம் தெரிகிறது, ஆரஞ்சு மங்கலில் ஒரு டப்பா மாதிரி. வாசனை அங்கேயே நின்றுவிட்டது. வண்டிக்குள் பிளாஸ்டிக் நாற்றம் மட்டும்.

அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

வியாழன், ஜூலை 1, 13:30

காற்று போதும். தண்ணீர் போதும். பேச ஆள் போதவில்லை.

இன்று நிலையத்திலிருந்து கடைசித் தகவல் தொகுப்பு தானாக வந்தது. குறைந்த எடையில் தசை எப்படி வளர்கிறது என்று பார்க்க ஆய்வகத்தில் வைத்திருந்த வளர்ப்புத் தட்டில் உயிரணுக்கள் எல்லாம் இறந்துவிட்டன. நேரம், நான் கிளம்பியதற்கு இரண்டு மணி நேரம் பின்னால். நான் இருந்திருந்தால் எனக்கும் அதுதான். அந்தத் தொகுப்பைத் தளத்துக்கும் அனுப்பினேன். பதிலில் "சரியான முடிவு" என்று இரண்டே சொல். முடிவு எடுத்தது நான் இல்லை என்று திருப்பி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

ஞாயிறு, ஜூலை 4, 10:05

வல்லம் வந்துவிட்டது. மேலே சுற்றுகிறது. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரல், ஓட்டுநர் ஒரு பெண்.

"நெய்தல், இது வல்லம். உங்களைப் பார்த்துவிட்டோம். மேட்டில் வண்டி, அதில் ஒருத்தர். ஸ்டேஷன்ல ஒருத்தர். ஒரு தடவை இறங்கத்தான் எரிபொருள் இருக்கு. யார் யார்கிட்ட வரப்போறீங்க, சொல்லுங்க."

10:15

நிலையத்தில் யாரும் இல்லை என்று சொன்னேன். திரும்பிப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு தடவை பார்த்துட்டோம். சமையலறை இருக்கற மூலை. உடம்புச் சூடு. நடந்துக்கிட்டு இருக்கு. ஒருத்தர் இறந்துட்டதா தளத்துல சொன்னாங்க. தகவல் தப்பா?"

10:25

யோசிக்க நேரம் இல்லை. இருவர் என்றால் கலம் நிலையத்தின் பக்கம் இறங்கும். அங்கே அடிப்பனி இளகிக் கிடக்கிறது, கலம் புதையும். யாரும் வீடு போய்ச் சேர மாட்டோம். அவரை என் கையால் போர்வையில் சுற்றினேன். அவர் கை குளிர்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

அனுப்பினேன்: "வல்லம், நான் ஒருத்திதான். அங்கே யாரும் இல்லை. மேட்டுக்கு வாங்க."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வாய் கூசுகிறது.

10:40

"நெய்தல், ஸ்டேஷன்ல இருந்தது வெளிய வந்துருச்சு. உங்க பக்கமா நடந்து வருது. கவச உடை எதுவும் தெரியல. நாங்க இறங்கறதை நிறுத்தி வைக்கிறோம்."

கண்ணாடி வழியே பார்க்கிறேன். மங்கலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. எழுத வெட்கமாகவும் இருக்கிறது. இத்தனை நாள் எனக்காகக் காவல் இருந்தவர். அவரை ஆளே இல்லை என்று சொன்னேன். கோபத்தில் வருகிறாரோ என்று வெளிக்கதவு அறையை உள்ளேயிருந்து தாழிட்டேன்.

10:55

"பத்தடி தூரத்துல நின்னுருச்சு. அசையல."

10:57

வண்டிக்குள் வாசனை.

நெய், கருப்பட்டி, எசன்ஸ், கருகல்

முகமூடி மாட்டிவிட்டேன். மாட்டிய பிறகுதான் புரிந்தது. எட்டு நாளாக ஒரே இடத்தில் சூடாக நிற்கிற வண்டி. அடியில் பனி உருகாமல் என்ன செய்யும்? எவ்வளவு நேரமாக உள்ளே வருகிறதோ. காலையிலிருந்து மண்டை வலி. சந்தோஷத்தில் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்

கோபித்துக்கொண்டு வரவில்லை. சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்

11:02

"நெய்தல், இன்னும் அங்கேயேதான் நிக்குது. உங்களுக்கு ஆபத்தா? நாங்க இறங்கலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க."

11:03

கை சரியாக வரவில்லை. அனுப்பியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வல்லம், இறங்குங்க. ஆபத்து இல்லை. முன்னால சொன்னதைத் திருத்திக்கங்க. ரெண்டு பேர் வர்றோம்."

தாழை எடுத்துவிட்டேன்